தென்னாப்பிரிக்காவில் விவாகரத்து உடன்பாடு: பேசுவதும் எழுதுவதும்

விவாகரத்து உடன்பாட்டை நீதிபதி ஒரு முறைதான் வாசிப்பார். அதன்பின் அதை வைத்து வேலை செய்பவர்கள் வேறு ஆட்கள்: பென்ஷன் ஃபண்டின் எழுத்தர், வங்கியின் வீட்டுக்கடன் பிரிவு, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் பத்திரப்பதிவு அலுவலகம், பணம் வராமல் போனால் நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் ஷெரிஃப். இவர்களில் ஒருவருக்கும் உங்கள் வீட்டுக் கதை தெரியாது. உங்களுக்குப் போன் போட்டுக் கேட்கவும் மாட்டார்கள். தாளில் இருப்பதைச் செய்வார்கள், இல்லாததைச் செய்யமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வரியையும் எழுதும்போது, "இதை நிறைவேற்றப் போகிறவர் யார், அவருக்கு இது போதுமா?" என்று கேட்டுக்கொண்டே எழுத வேண்டும்.

முதலில் திருமணம் எந்த வகை என்று பாருங்கள்

கோயிலில் தாலி கட்டி, ஊரே சாப்பிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நடத்திவைத்தவர் 1961-ஆம் ஆண்டு திருமணச் சட்டப்படி நியமிக்கப்பட்ட திருமண அதிகாரியாக இல்லாமல், தனியாகப் பதிவும் செய்யாமல் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அது சிவில் திருமணம் ஆகாது. 1913-இல் நீதிபதி சியர்ல் கொடுத்த தீர்ப்பு இந்தியத் திருமணங்களைச் செல்லாதவை ஆக்கியபோது, தில்லையாடி வள்ளியம்மை காலத்துப் பெண்கள் அதை எதிர்த்துச் சிறைக்குப் போனார்கள். அந்தச் சிக்கல் வேறு உருவத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது. 2007-இல் டர்பனில் சிங் எதிர் ராம்பர்சாத் வழக்கில், பதிவில்லாத இந்துத் திருமணத்துக்கு விவாகரத்துச் சட்டம் பொருந்தாது என்று முடிவானது. 2024-இல் வந்த திருத்தம் முஸ்லிம் திருமணங்களைத்தான் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

உங்கள் திருமணம் அப்படிப் பதிவாகாதது என்றால், விவாகரத்து வழக்கு போடாமல், சாதாரண ஒப்பந்தமாகச் சொத்துப் பிரிவினை எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கும். குழந்தைகள் விஷயத்தில் தனியாக ஒரு பெற்றோர்த் திட்டம் எழுதி, குழந்தைகளின் நலனைப் பார்க்கும் அரசு வழக்கறிஞரான ஃபாமிலி அட்வகேட்டின் அலுவலகத்தில் பதிவு செய்யலாம், அல்லது நீதிமன்ற ஆணையாக்கலாம். கீழே வருவதில் பெரும்பகுதி உங்களுக்கும் பயன்படும். பென்ஷன் பகுதியை மட்டும் அட்டர்னியிடம் கேட்டபின் எழுதுங்கள்.

பதிவான திருமணம் என்றால் அடுத்த கேள்வி சொத்து முறை. திருமணத்துக்கு முன் நோட்டரி முன்னிலையில் ஒப்பந்தம் எதுவும் போடவில்லை என்றால் எல்லாம் பொதுச் சொத்து, கடனும் பொதுக் கடன். ஒப்பந்தம் போட்டிருந்தால் அது பத்திர அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்தான நாளிலிருந்து 3 மாதத்துக்குள் பதிவாகியிருக்க வேண்டும். 1984 நவம்பர் 1-க்குப் பிறகு நடந்த தனிச்சொத்துத் திருமணத்தில், ஒப்பந்தம் அக்ரூவலை (மண வாழ்வில் இருவர் சொத்தும் வளர்ந்த அளவின் வித்தியாசத்தைப் பாதியாகப் பகிரும் முறையை) வெளிப்படையாக விலக்காவிட்டால் அக்ரூவல் முறை தானாகவே பொருந்தும். அக்ரூவலை விலக்கியிருந்தாலும் வெறுங்கையோடு எழுந்துவிட வேண்டாம். மற்றவரின் சொத்து வளர நேரடியாகவோ, வீட்டைப் பார்த்துக்கொண்டு மறைமுகமாகவோ பங்களித்தவர், மறுபங்கீடு கேட்கலாம். 1984-க்குப் பின் மணந்தவர்களுக்கும் இந்த வழி உண்டு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லிவிட்டது.

கணக்கு இல்லாமல் பேச உட்கார வேண்டாம்

பேச்சு பாதியில் முறிவதற்குப் பேராசையைவிட, இருவரும் வேறு வேறு கணக்கை மனத்தில் வைத்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். இரண்டு பக்கமும் ஒரே நாளைக் கணக்கு நாளாக வைத்து ஆவணங்களைத் திரட்டுங்கள். கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டு, 12 மாத வங்கி அறிக்கைகள் (எல்லாக் கணக்குகளுக்கும், மூடிய கணக்குகளுக்கும்), வரித் துறையான சார்ஸ் அனுப்பிய கடைசி வரி மதிப்பீடு, பாண்ட் (வீட்டுக்கடன்) பாக்கி, கார்க் கடனை முடிக்கும் தொகை, காப்பீட்டுப் பாலிசிகளின் சரண் மதிப்பு, ஒவ்வொரு பென்ஷன் ஃபண்டின் நலன் அறிக்கை. ஸ்டோக்வெல் சீட்டில் கட்டியதையும் விட்டுவிடாதீர்கள். வியாபாரம் இருந்தால் கணக்காளர் தயாரித்த கடைசி 2 அல்லது 3 ஆண்டு நிதி அறிக்கை வேண்டும். கடையின் கல்லாப்பெட்டியில் வந்து கணக்கில் வராத பணம் வருமானப் பேச்சில் கட்டாயம் தலைகாட்டும், அதற்குத் தயாராக இருங்கள்.

அக்ரூவல் கணக்கு பார்க்கிற அளவுக்குக் கடினமில்லை. கணவரின் இன்றைய நிகரச் சொத்து 24 லட்சம் ரேண்ட். தொடக்க மதிப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியது 1 லட்சம், விலைவாசிக் குறியீட்டின்படி அது இன்று 3 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் வளர்ச்சி 21 லட்சம். மனைவியின் நிகரச் சொத்து 9 லட்சம், தொடக்க மதிப்பு பூஜ்யம், வளர்ச்சி 9 லட்சம். வித்தியாசம் 12 லட்சம், அதில் பாதியான 6 லட்சம் மனைவிக்கு வரவேண்டியது. பெற்றோரிடமிருந்து வந்த வாரிசுச் சொத்து, பிறர் கொடுத்த நன்கொடை, ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி விலக்கியவை கணக்கில் சேராது. தொடக்க மதிப்பைக் குறியீட்டின்படி உயர்த்த மறப்பது வழக்கமாக நடக்கும் தவறு. 15, 20 வருடத் திருமணத்தில் அது பெரிய தொகையாகிவிடும்.

நகை தனிக் கதை. கல்யாணத்தில் இரு வீட்டாரும் போட்ட தங்கம் யாருடையது என்ற சண்டையில் வீட்டுச் சண்டையே மறந்துபோகும். பொதுச் சொத்துத் திருமணத்தில், கொடுத்தவர் அது பொதுச் சொத்தில் சேரக்கூடாது என்று விதித்திருந்தால் தவிர, அதுவும் பொதுச் சொத்தே. எப்படி முடிவு செய்தாலும் "மனைவியின் நகைகள்" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். உருப்படி, கிராம் எடை, கேரட், புகைப்பட எண், இப்போது எந்த லாக்கரில் அல்லது யார் வீட்டில் இருக்கிறது, எந்த நாளில் யாரிடம் ஒப்படைப்பது என்று அட்டவணையாக இணையுங்கள். மாமியார் பெட்டியில் இருக்கும் நகைக்கு, மாமியாரும் ஒரு ரசீது எழுதிக் கையெழுத்திடுவது நல்லது, ஏனென்றால் விவாகரத்து ஆணை அவரைக் கட்டுப்படுத்தாது.

இதே காரணத்தால் இன்னொரு இடத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மாமனார் பெயரில் இருக்கும் வீட்டின் பின்னால் தம்பதி தங்கள் காசில் இரண்டு அறை கட்டியிருப்பார்கள். வீடு தம்பதியின் சொத்து இல்லை, ஆகவே உடன்பாட்டில் அதைப் பிரிக்க முடியாது. போட்ட பணத்தைத் திரும்பக் கேட்பது மாமனாரோடு செய்யவேண்டிய தனி ஒப்பந்தம். அதைப் பேசி முடித்துக் கையெழுத்து வாங்கிய பிறகே முக்கிய உடன்பாட்டுக்குப் போங்கள். அதேபோல் அப்பா கொடுத்த பணம் கடனா, அன்பளிப்பா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். எழுத்தில் ஒன்றும் இல்லாமல் விவாகரத்து நேரத்தில் திடீரென்று முளைக்கும் "கடன்" யாரையும் நம்பவைக்காது.

பேசும் விதம்

பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவது நம் வழக்கம். கோபத்தை ஆற்ற அது உதவும். ஆனால் பெரியப்பா முன்னால் அன்று இரவே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கையால் எழுதிய தாளும் ஒப்பந்தம்தான், பின்னால் அது உங்களையே கட்டும். சமரச முன்மொழிவுகளை எழுத்தில் அனுப்பும்போது, அவை உரிமைகளைப் பாதிக்காத சமரசப் பேச்சு என்று தலைப்பிலேயே குறிப்பிடுங்கள். அப்படி அனுப்பியதைப் பொதுவாக நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது.

உயர் நீதிமன்றத்தில் வழக்கு போட்டால், 2020 மார்ச் முதல் 41ஏ விதிப்படி, மத்தியஸ்தத்துக்குச் சம்மதமா இல்லையா என்று இரு பக்கமும் எழுதித் தரவேண்டும். 2009-இல் எம்பி எதிர் என்பி வழக்கில், மத்தியஸ்தத்தைப் பற்றிக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்லாத வக்கீல்களின் கட்டணத்தையே நீதிபதி குறைத்தார். குடும்ப மத்தியஸ்தரிடம் போவது, இரண்டு அட்டர்னிகள் வருடக்கணக்கில் கடிதம் எழுதுவதைவிட மலிவு. ஆனால் அடிதடி, மிரட்டல் இருந்த வீட்டில் ஒரே அறையில் உட்காரும் மத்தியஸ்தம் வேண்டாம். தனித்தனி அறை கேளுங்கள், அல்லது அட்டர்னி வழியே பேசுங்கள்.

ஒரே அட்டர்னி இருவருக்கும் எழுதித் தருவதாகச் சொன்னால், அவர் ஒருவருக்குத்தான் ஆலோசனை சொல்ல முடியும் என்று நினைவில் வையுங்கள். மற்றவர் கையெழுத்துக்கு முன் ஒரு மணி நேரமாவது தனி அட்டர்னியைப் பார்க்கட்டும். கையில் பணம் இல்லையென்றால் லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்கா அலுவலகத்தில் கேட்கலாம். "எனக்கு ஒன்றும் புரியாமல் போட்டேன்" என்று நாளை யாரும் சொல்லாமலிருக்க இதுதான் காப்பு.

வரிசை முக்கியம். குழந்தைகளும் மாதச் செலவும் முதலில், வீடு அடுத்து, பென்ஷன் பிறகு, சோபாவும் பாத்திரமும் கடைசியில். தலைகீழாகத் தொடங்கினால் கிரைண்டர் யாருக்கு என்பதிலேயே மூன்று கூட்டம் போய்விடும். ஒவ்வொரு தொகையையும் வரிக்குப் பிந்திய மதிப்பில் ஒப்பிடுங்கள். பென்ஷனில் உள்ள 5 லட்சமும் வீட்டு மதிப்பில் உள்ள 5 லட்சமும் சமம் இல்லை. பென்ஷனை ரொக்கமாக எடுத்தால் எடுப்பவர் வரி கட்டவேண்டும். விவாகரத்தால் வீட்டுப் பங்கு கைமாறும்போதோ பத்திர மாற்று வரியிலிருந்து விலக்கு உண்டு, மூலதன ஆதாய வரியும் அப்போது விழாமல் தள்ளிப்போகும்.

குழந்தைகள் பகுதி

18 வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால், அதன் நலன் கவனிக்கப்பட்டதென்று நீதிபதிக்குத் திருப்தி வராமல் விவாகரத்து கிடைக்காது. வழக்கோடு, குழந்தைகளின் விவரம் கேட்கும் அனெக்ஷர் ஏ படிவம் நிரப்பித் தரவேண்டும். ஃபாமிலி அட்வகேட் உடன்பாட்டைப் பார்த்துக் குறிப்பு எழுதுவார். "தந்தைக்கு நியாயமான சந்திப்பு உரிமை" என்று மட்டும் எழுதியிருந்தால் கேள்வி வரும், சண்டையும் வரும்.

எழுதவேண்டியது: குழந்தை யாரோடு வசிக்கும், எந்தெந்த வார இறுதி, வெள்ளி எத்தனை மணிக்கு யார் கூட்டிப் போவது, ஞாயிறு எத்தனை மணிக்கு எங்கே விடுவது, பள்ளியின் நான்கு விடுமுறைகளையும் எப்படிப் பிரிப்பது, வீடியோ அழைப்பு எந்த நாள், எந்த நேரம். நம் வீடுகளுக்குப் பண்டிகை வரியைச் சேர்க்கவேண்டும், அட்டர்னியின் மாதிரிப் படிவத்தில் கிறிஸ்துமஸும் ஈஸ்டரும்தான் இருக்கும். தீபாவளி இங்கே அரசு விடுமுறை இல்லை, பள்ளி நாளிலும் வரும். ஆகவே "தீபாவளி ஒற்றைப்படை ஆண்டில் தாயிடம், இரட்டைப்படை ஆண்டில் தந்தையிடம், முந்தைய நாள் மாலை 5 மணி முதல் மறுநாள் காலை பள்ளி நேரம் வரை" என்று எழுதுங்கள். தைப்பூசக் காவடி, மாரியம்மன் பூசை, பொங்கல் எதுவானாலும் குடும்பத்துக்கு முக்கியமானதைப் பெயர் சொல்லிச் சேர்க்கவேண்டும். தேதி ஆண்டுதோறும் மாறுவதால், எந்தக் கோயில் அறிவிக்கும் தேதி என்பதையும் குறிப்பிடுங்கள்.

குழந்தையை நாட்டைவிட்டு வெளியே கூட்டிப்போகவும், பாஸ்போர்ட் எடுக்கவும் பாதுகாவலர்கள் எல்லாருடைய சம்மதமும் வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம். சென்னையில் ஒரு கல்யாணம் என்று வரும்போது கையெழுத்துக்காகக் கெஞ்சவேண்டாம். பயணத் திட்டமும் போகவர டிக்கெட்டும் 30 நாள் முன்பே கொடுத்தால் 7 நாளில் சம்மதக் கடிதம் தரவேண்டும், நியாயமான காரணமின்றி மறுக்கக்கூடாது என்று இப்போதே எழுதிவிடலாம்.

பணத்துக்கு: தொகை, தேதி, வங்கிக் கணக்கு மூன்றும் இருக்கவேண்டும். "ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதிக்குள், ஒரு குழந்தைக்கு இத்தனை ரேண்ட், இந்தக் கணக்கில், பிடித்தம் ஏதுமின்றி." ஆண்டு உயர்வுக்கு, ஆணை வந்த தேதியை ஒட்டி, அரசின் புள்ளிவிவரத் துறையான ஸ்டாட்ஸ் எஸ்ஏ கடைசியாக வெளியிட்ட ஆண்டு நுகர்வோர் விலைக் குறியீட்டு உயர்வின்படி என்று எழுதுங்கள். உயர்வு வரியை மறந்தால், சில ஆண்டுகளில் தொகை சிறுத்துப்போய், மெயின்டெனன்ஸ் நீதிமன்றத்தின் வரிசையில் நிற்கவேண்டிவரும். மருத்துவச் செலவில் "நியாயமான செலவு" என்ற சொல்தான் முதலில் உடையும். மெடிக்கல் எய்டில் (மருத்துவச் செலவுத் திட்டத்தில்) குழந்தையை வைத்திருப்பவர் யார், அது கொடுக்காத மிச்சத்தை எந்த விகிதத்தில் பகிர்வது, பில் அனுப்பி எத்தனை நாளில் கட்டவேண்டும், எத்தனை ரேண்டுக்கு மேல் முன்கூட்டிக் கேட்கவேண்டும் என்று சொல்லுங்கள். பள்ளிக் கட்டணம், சீருடை, பரதநாட்டிய வகுப்பு, தமிழ் வகுப்பு எல்லாவற்றுக்கும் இதே பாணி. 18 வயதோடு முடியும் என்று எழுதாதீர்கள். குழந்தை சொந்தக் காலில் நிற்கும்வரை கடமை தொடரும்.

குழந்தைகள் பற்றிய எந்த வரியும் பின்னால் மாறலாம். பெற்றோர் "இனி மாற்ற முடியாது" என்று எழுதினாலும் அது குழந்தையைக் கட்டாது.

துணைவரின் ஜீவனாம்சம் நேர்மாறு. விவாகரத்து ஆணையில் ஒன்றும் இல்லையென்றால், பிறகு வேலை போனாலும் நோய் வந்தாலும் புதிதாகக் கேட்க வழியில்லை. சந்தேகம் இருப்பவர்கள் மாதம் 1 ரேண்ட் என்று பெயருக்காவது எழுதிக் கதவைத் திறந்து வைப்பது இதனால்தான். கொடுப்பவர் எப்போது நிறுத்தலாம் (மறுமணம், சேர்ந்து வாழ்தல், இத்தனை ஆண்டு) என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

வீடும் கடனும்

விற்பது என்றால்: ஏஜென்ட் யார், கேட்கும் விலை எவ்வளவு, 90 நாளில் ஆஃபர் வராவிட்டால் எத்தனை சதவீதம் குறைப்பது, அதுவரை யார் குடியிருப்பது, பாண்ட், எத்தேக்வினி (டர்பன்) நகராட்சி வரி, தண்ணீர், மின்சாரம் யார் கட்டுவது, மிச்சம் எந்த விகிதத்தில் பிரியும். ஒருவர் கையெழுத்திட மறுத்தால், அவருக்குப் பதிலாக ஷெரிஃப் கையெழுத்திடலாம் என்ற வரி கட்டாயம்.

ஒருவர் எடுத்துக்கொள்வது என்றால், சிக்கல் வங்கியில். உங்கள் உடன்பாடு வங்கியைக் கட்டுப்படுத்தாது. பாண்டில் இருவர் பெயரும் இருக்கும்வரை, வெளியேறியவரும் முழுக் கடனுக்குப் பொறுப்பு. "ஆணை வந்த 90 நாளில் வங்கி அவரை விடுவித்து எழுத்தில் தரவேண்டும், தராவிட்டால் வீடு விற்பனைக்கு" என்று இரண்டாவது வழியையும் சேர்த்து எழுதாத உடன்பாடு பாதி உடன்பாடுதான். முன்கூட்டியே வங்கியில் கேட்டு, ஒற்றைச் சம்பளத்தில் கடன் தருவார்களா என்று பார்த்துவிடுங்கள். பொதுச் சொத்துத் திருமணத்தில் விவாகரத்து ஆணையைக் காட்டி உரிமைப் பத்திரத்தில் குறிப்பு போட்டாலே போதும், முழு விற்பனைப் பத்திரம் வேண்டியதில்லை. அந்தச் செலவு யாருடையது என்றும் எழுதுங்கள்.

மற்றக் கடன்களுக்கும் அதே நியாயம். கிரெடிட் கார்டு, கடைக் கணக்கு ஒவ்வொன்றின் எண், பாக்கி, யார் கட்டுவது, எந்த நாளுக்குள் மூடுவது, கட்டாததால் மற்றவருக்கு இழப்பு வந்தால் யார் ஈடு செய்வது.

பென்ஷன்: அதிகம் திரும்பி வரும் பகுதி

"பென்ஷனில் பாதி" என்று எழுதினால் ஃபண்ட் திருப்பி அனுப்பும். அவர்களுக்கு வேண்டியது நான்கு: ஃபண்டின் பதிவுப் பெயர் (கம்பெனியின் பெயர் அல்ல, நலன் அறிக்கையில் இருக்கும் பெயர்), உறுப்பினர் எண், "பென்ஷன் இன்ட்ரஸ்ட்" (விவாகரத்து நாளில் உறுப்பினர் ஃபண்டைவிட்டு விலகியிருந்தால் அவருக்குக் கிடைக்கும் தொகை) என்ற சட்டச் சொல், அதில் விவாகரத்து நாளின்படி எத்தனை சதவீதம் அல்லது ரேண்ட். கூடவே, அந்தப் பங்கைத் துணைவருக்கு நேராகக் கொடுக்கும்படி ஃபண்டுக்கு உத்தரவு. பொதுச் சொத்துத் திருமணத்தில் இது தானாகவே பொதுச் சொத்தின் பகுதி என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் என்தாபா வழக்கில் சொல்லியிருந்தாலும், ஆணையில் வார்த்தை இல்லாமல் ஃபண்ட் காசு தராது.

ஏற்கெனவே ஓய்வு பெற்று மாதாமாதம் பணம் வாங்குபவருக்குப் பென்ஷன் இன்ட்ரஸ்ட் இருக்காது. அவருடைய லிவிங் அன்யூட்டியை (ஓய்வுப் பணத்தை முதலீட்டில் வைத்துத் தவணையாக எடுக்கும் திட்டத்தை) இந்த வரியில் எழுதி வீணாக்காதீர்கள், ஜீவனாம்சப் பேச்சில் கொண்டுவாருங்கள்.

ஓய்வுச் சேமிப்பை, இடையில் எடுக்கக்கூடிய சேமிப்புப் பானை, ஓய்வுவரை காத்திருக்கும் பானை என்று பிரித்து 2024 செப்டம்பர் 1-இல் வந்த இரு-பானை முறையால் புதிய ஆபத்து ஒன்று உண்டு. வழக்கு நடக்கும்போதே உறுப்பினர் சேமிப்புப் பானையிலிருந்து எடுத்துவிடலாம். விவாகரத்து வழக்கு நிலுவையில் இருப்பதைச் சான்றோடு ஃபண்டுக்கு எழுதித் தெரிவித்தால், துணைவரின் சம்மதம் இல்லாமல் எடுக்க விடமாட்டார்கள். வழக்கு எண் கிடைத்த அன்றே அந்தக் கடிதத்தை அனுப்புங்கள்.

ஆணையைக் கொடுத்த பின், ஃபண்ட் 45 நாளில் உங்களிடம் விருப்பம் கேட்கவேண்டும், நீங்கள் 120 நாளில் பதில் சொல்லவேண்டும், அதன்பின் 60 நாளில் பணம் வரவேண்டும். ரொக்கமா, வேறு ஃபண்டுக்கு மாற்றமா என்பது உங்கள் தேர்வு. மாற்றினால் அப்போதைக்கு வரி இல்லை.

கடைசிப் பக்கமும் நீதிமன்றமும்

தவணை தவறினால் முழுத் தொகையும் உடனே கொடுக்கவேண்டியதாகும், தாமதத்துக்கு வட்டி உண்டு, மாற்றம் எழுத்தில் இருவர் கையெழுத்தோடு மட்டுமே செல்லும், வழக்குச் செலவு யாருடையது: இந்த வரிகளை எந்த அட்டர்னியும் போட்டுவிடுவார். சொத்துப் பிரிவினை, குழந்தைப் பகுதி போல அல்லாமல், ஏமாற்று போன்ற காரணம் இல்லாமல் பின்னால் திறக்காது. ஆகவே "எல்லாச் சொத்தையும் வெளிப்படுத்திவிட்டேன், மறைத்தது தெரிந்தால் அதில் இத்தனை பங்கு உனக்கு" என்ற வரி உங்களுக்கு வேண்டும்.

ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம், கடைசியில் முழுக் கையொப்பம், சாட்சிகள். இருவரும் ஒத்துப்போன வழக்கை ரீஜனல் கோர்ட்டிலும் போடலாம், உயர் நீதிமன்றத்தை விடச் செலவு குறைவு. சம்மனை ஷெரிஃப் நேரில் கொடுப்பார். விசாரணை நாளில் வழக்குப் போட்டவர் சில நிமிடம் சாட்சி சொல்லவேண்டும். திருமணச் சான்றிதழும் உடன்பாட்டின் மூலப் பிரதியும் கையில் இருக்கட்டும். இருவரும் கையெழுத்திட்டதாலேயே எல்லா வரியும் ஆணையாகிவிடாது. 1953-லேயே நேட்டால் நீதிமன்றம் மான்செல் வழக்கில் அப்படிச் செய்ய மறுத்தது. அரசியலமைப்பு நீதிமன்றமும் 2015-இல் ஈக் எதிர் பார்சன்ஸ் தீர்ப்பில், வழக்கின் பிரச்சினையோடு தொடர்புள்ள, சட்டத்துக்கு முரண்படாத உடன்பாட்டைத்தான் ஆணையாக்க வேண்டும் என்றது. "ஒருவரையொருவர் மரியாதையாக நடத்துவோம்" என்பதை ஷெரிஃபால் நிறைவேற்ற முடியாது. எழுதத் தோன்றினால் தனிக் கடிதமாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஆணை வந்ததும் சான்றிட்ட நகல்கள் சிலவற்றை எடுத்து ஃபண்ட், வங்கி, பத்திர வக்கீல், மெடிக்கல் எய்ட் எல்லாருக்கும் அதே வாரம் அனுப்புங்கள். பழைய உயில் ஒன்று உண்டா என்று பாருங்கள். விவாகரத்தாகி 3 மாதத்துக்குள் இறந்தால், முன்னாள் துணைவர் முன்பே இறந்ததாகக் கருதி உயில் நிறைவேறும். 3 மாதம் தாண்டியும் உயிலை மாற்றாவிட்டால், எழுதியபடி சொத்து அவருக்கே போகும். காப்பீட்டுப் பாலிசியில் இருக்கும் பெயருக்கு அந்த 3 மாதச் சலுகையும் கிடையாது, கம்பெனிக்கு நீங்களே எழுதி மாற்றவேண்டும்.